தங்கராசு அனுப்புனாகன்னு சொல்லாத

அன்றைக்கு மலைமேல் அந்த விடுதி அலுவலகத்தில் இருந்தவர்கள்: என் தாய்மாமன் தங்கராசு, அவருடைய ஜீப்பை ஓட்டும் பாண்டி, விடுதி முதலாளி சாக்கோ, மேனேஜர் ஷீபா, அப்புறம் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. "திராட்சைக் கொடிக்கு மருந்து அடிக்கணும்" என்று எங்கள் ஊர் ஓடைப்பட்டியிலேயே தங்கிவிட்டார். (மருந்து முந்தின நாளே அடித்தாகிவிட்டது. என் மேல் நம்பிக்கை இல்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.) இன்னொருவன், எந்த ஊரிலோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, "நண்பர்களே, உங்கள் வலைத்தளத்தில் இருந்து வெளியே போகும் எல்லா இணைப்புகளிலும் இந்த மூன்று வார்த்தைகளையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கள்" என்று வீடியோ போட்டவன்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு வந்திருக்க வேண்டியவன் அவன்தான். ஊசி வளைவில் ஜீப்பின் பின்சீட்டில் அவனை உட்காரவைத்து, பாண்டியை ஓட்டச் சொல்லியிருக்க வேண்டும். கோபம் நாளாக நாளாக ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அந்த வீடியோவுக்கு இன்னமும் ஆட்கள் "மிக்க நன்றி ப்ரோ" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி ஆறும்?

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் சின்ன வயதிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது. பூச்சிமருந்து டப்பாவில் ஆரம்பித்து பேங்கு நோட்டீஸ் வரை எது வந்தாலும் என் முன்னால் நீட்டுவார்கள். ஆங்கில வார்த்தையைச் சத்தமாகப் படித்து, ஒரு "அப்டின்னா" போட்டு, தமிழில் சொல்ல வேண்டும். "ஷேக் வெல். அப்டின்னா, நல்லாக் குலுக்கணும்." தெருவே தலையாட்டும். அந்தத் தலையாட்டலில்தான் நான் கெட்டேன் என்று நினைக்கிறேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து வந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று முடிவு செய்திருந்தேன். இன்று அந்தப் பையனைப் பார்த்தால் பளாரென்று ஒன்று விடுவேன்.

மாமா கம்பத்தில் ஜீப் வைத்திருக்கிறார். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார். மீதி நேரம் சுற்றுலா வருகிறவர்கள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரை எங்கே இறக்கிவிட்டாலும் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: "கம்பம் தங்கராசு அனுப்புனாகன்னு சொல்லுங்க." ஓட்டல், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, எல்லா இடத்திலும் இதே வசனம். பாதி இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. ஒருமுறை எழவு வீட்டுக்குப் போனவரிடமும் சொல்லிவிட்டார். யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்த மனிதர் மாலையும் கையுமாகத் திகைத்து நின்றார். ஆனால் இந்த ஊரில் வியாபாரம் நடப்பதே அந்த ஒரு வசனத்தில்தான். யார் அனுப்பியது என்று தெரிந்தால்தான் கடைக்காரர் அடுத்தமுறை இவருக்கு ஆள் அனுப்புவார்.

நான் ஒரு வலைத்தளம் தொடங்கியிருந்தேன். திராட்சைத் தோட்டம் எங்கே பார்க்கலாம், அருவிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், ஜீப்புக்கு யாரைக் கேட்பது என்றெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு எழுதி வைத்த தளம். உண்மையாகவே நன்றாக ஓடியது. கூகுளில் கம்பம் திராட்சை என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வரும். வீட்டில் இதை விளங்க வைக்க முயன்றேன்.

"மாமா, இன்னொரு தளத்துக்கு நாம இணைப்புக் குடுத்தா, நம்ம தளத்தோட சத்துல கொஞ்சம் அங்கிட்டுப் போயிரும். இங்கிலீஷ்ல ஜூஸ்னே சொல்றாக."

"ஜூஸா?" என்றார் அப்பா. திராட்சைக்காரர் அல்லவா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நிமிர்ந்தார். "எங்கன இருக்கு? நான் பாக்கவே இல்லையே."

"கண்ணுக்குத் தெரியாதுப்பா."

"கண்ணுக்குத் தெரியாத ஜூஸு ஒழுகுதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கியா?"

ஆமாம், முழித்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் வீடியோக்காரன் வந்து சேர்ந்தான். ஒழுகலை அடைக்க அவன் கொடுத்த மூன்று வார்த்தைகளையும் எல்லா இணைப்பிலும் அப்பினேன். பூச்சி இருக்கிற கொடி, இல்லாத கொடி என்று பார்க்காமல் மருந்தடிக்கிறவனைப் போல.

இந்த நேரத்தில்தான் சாக்கோ ஒரு பேச்சைப் போட்டார். குமுளியைத் தாண்டி, கேரளப் பக்கத்து மலைமேல் அவருக்கு ஒரு விடுதி. மாமாவும் அவரும் பழைய பழக்கம். மாமா அவரைச் சேட்டா என்பார், அவர் இவரைத் தங்கராசே என்பார். விருந்தாளிகளைக் குமுளியிலிருந்து ஏற்றிவரும் வேலையை ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று சாக்கோ நினைத்தார். செல்போன் ஆப் வைத்து வண்டி அனுப்பும் ஒரு கம்பெனி ஏற்கெனவே கேட்டிருந்தது.

"தங்கராசே, ஞான் நேராப் பறயாம்," என்றார். "உங்க பையனோட சைட்ல என் லாட்ஜுக்கு லிங்க் இடட்டும். ஓணம் தொட்டு ஷீபா கம்ப்யூட்டர்ல நோக்கட்டும். அவிடந்து நல்லா ஆள் வந்தா, கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க உங்க ஜீப்புதான். வரலைன்னா ஆப்காரனுக்கு. சண்டை இல்லா, சங்கடம் இல்லா."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிவந்த வசனத்துக்கு முதல்முறையாக ஒரு மெஷின் சாட்சி சொல்லப்போகிறது. அந்த வாரமே போடியில் ஒரு பழைய ஜீப்பை விலை பேசி, புது டயர் போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சீசனுக்கு ஒரு வண்டி போதாதாம்.

ஷீபா எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தார். இணைப்பின் கடைசியில் ஒரு சின்ன அடையாளச் சொல்லைச் சேர்த்தால் கணக்கு இன்னும் சுலபம் என்று. விடுதி இணைப்பிலும் வழக்கமான அந்த மூன்று வார்த்தைகளைப் போட்டேன், ஆனால் முகவரி நீளமாக, அசிங்கமாக இருக்கும் என்று இதைச் சேர்க்கவில்லை. (அழகுணர்ச்சி! ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்து வளர்ந்தவனுக்கு!)

இதோடு நிறுத்தினேனா? மாமா விடுதிக்கு ஏற்றிப்போன ஒரு குடும்பத்திடம் வழக்கம்போல, "தங்கராசு அனுப்புனாகன்னு..." என்று ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை ஓரமாக இழுத்தேன்.

"மாமா, தயவுசெஞ்சு இனிமே இப்டிச் சொல்லாதீக. அசிங்கமா இருக்கு. கம்ப்யூட்டர் தானாச் சொல்லிரும்."

"அது மறந்துருச்சுன்னா?"

"அது மறக்காது மாமா."

மறக்கவில்லைதான். சொல்லாதே என்று நான் எழுதிக் கொடுத்ததை அது ஒருநாள்கூட மறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஷீபாவிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் தளத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று கணக்குக் காட்டுகிறதாம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என் பக்கத்துக் கணக்கில் அந்த இணைப்பை அழுத்தியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவ்வளவு பேரும் மலையேறும்போது ஆவியாகவா போனார்கள்?

"ஏமாத்துறாக மாமா," என்றேன். "ஆப்காரனுக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு நாடகம் போடுறாக."

இந்த ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. "வண்டிய எடுலே பாண்டி!" என்றார் மாமா. பச்சை ஜீப்பில்தான் போனோம். வழியெல்லாம் நான் மாமாவைக் கிளப்பினேன், மாமா பாண்டியைக் கிளப்பினார், பாண்டி வண்டியைக் கிளப்பினான். விடுதி வாசலில் இறங்கியபோது மூன்று பேருமே சாமி வந்த நிலையில் இருந்தோம்.

சாக்கோ சிரித்துக்கொண்டே எழுந்தார். "வரூ தங்கராசே. ஆத்யம் ஒரு சாய குடி."

"சாயாவும் வேணாம், காப்பியும் வேணாம்," என்றேன் நான். நடுவில் நான்தான் பேசினேன். பெரியவர்கள் இரண்டு பேர் பேச வேண்டிய இடத்தில் இருபத்து மூன்று வயது நாக்கு. "எங்க ஆளுகள எல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?"

ஷீபா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். விடுதியின் தளத்துக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற கணக்கு. கூகுளில் தேடி வந்தவர்கள் கொஞ்சம், ஃபேஸ்புக்கில் இருந்து கொஞ்சம். எங்கள் தளத்தின் பெயர் எங்குமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஊதிப் பெருத்துப்போய், டைரக்ட் என்று ஒரு வரி.

"அது யாரு டைரக்ட்டு?" என்றார் மாமா, போட்டிக்கு வந்த ஜீப்காரனை விசாரிப்பதுபோல.

"யாரும் அனுப்பாம நேரா வந்தவங்க," என்றார் ஷீபா.

பாண்டி முன்னால் வந்தான். "ஏம்மா, இந்த மலையில நேரா எவன் வர முடியும்? ஏழு கொண்டை ஊசி வளைஞ்சு நானே இப்பத்தான் வாந்தி எடுக்காம வந்து சேர்ந்துருக்கேன்!"

வெளியே வராந்தாவில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் சேர்ந்ததும் எனக்குச் சுருதி இன்னும் ஏறியது.

"இது கள்ளக்கணக்கு!" என்று கத்தினேன். "ஆளுகள எங்கிட்ட வாங்கிட்டு, பேர அழிச்சிட்டு, ஆப்காரனுக்கு வண்டியக் குடுக்கப் பாக்குறீக. திருட்டுத்தனம் இது!"

சாக்கோவின் சிரிப்பு நின்றது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. அப்போது எனக்குள் நின்றவன் ஒரு மேடைப் பேச்சாளன்.

"இப்ப நிரூபிக்கிறேன்," என்று ஷீபாவின் கணினியில் என் தளத்தைத் திறந்தேன். விடுதியின் இணைப்பை எல்லார் முன்னிலும் அழுத்தினேன். இந்த நொடியில் யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் புதிதாக ஒருவர் முளைத்தார். அது நான்தான். எங்கிருந்து வந்தார் என்ற இடத்தில் எழுதியிருந்தது: டைரக்ட்.

"பாத்தீகளா!" என்றேன் வெற்றியோடு. "கண்ணு முன்னாடியே அழிக்கிறாக!"

"அடப்பாவி," என்றார் மாமா, சாக்கோவைப் பார்த்து.

ஷீபா மட்டும், "உங்க லிங்க்கை ஒருமுறை காட்டுங்க," என்றார்.

"தாராளமாக் காட்டுறேன். எங்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது." பக்கத்தின் உள்ளே எழுதியிருக்கும் நிரலைத் திறந்தேன். மாமாவுக்கும் புரியட்டும் என்று, டப்பாவைப் படிக்கும் அதே குரலில், விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இது லாட்ஜோட விலாசம். சரியா இருக்கா? இருக்கு. டார்கெட் பிளாங்க். அப்டின்னா, புது ஜன்னல்ல தொறன்னு அர்த்தம். நோ ஓபனர். அப்டின்னா, தொறந்த எடத்துலருந்து எவனும் நம்ம பக்கத்துல கைய வைக்கக் கூடாது. பாதுகாப்பு. நோ ஃபாலோ. அப்டின்னா, கூகுளே, இத என் சிபாரிசுன்னு எடுத்துக்காத. நோ ரெஃபரர். அப்டின்னா..."

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அப்டின்னா?" என்றார் மாமா.

"அப்டின்னா... யாரு அனுப்புனாகன்னு..."

"சொல்லுலே. யாரு அனுப்புனாகன்னு?"

"...சொல்லாத."

வராந்தாவில் யாரோ ஸ்பூனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வார்த்தையை நான் நூறு தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட 'அப்டின்னா' போட்டதில்லை. ஊரில் எவர் கொண்டுவந்த காகிதத்துக்கும் தமிழ் சொன்னவன், நான் எழுதியதற்கு நான் தமிழ் கேட்கவில்லை. இங்கிலீஷில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். படித்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

இதில் என்னைக் கொதிக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மூன்றில் இரண்டு வார்த்தைகள் நியாயமானவை. ஆதாயம் எதிர்பார்த்துப் போடும் இணைப்பு என்றால், இது என் சுத்தமான சிபாரிசு இல்லை என்று தேடுபொறியிடம் சொல்லிவிடுவதுதான் முறை. ஸ்பான்சர்டு என்று போட்டால் இன்னும் முறை. பாதுகாப்புக்கான வார்த்தையும் தப்பில்லை. ஆனால் இந்த நோ ரெஃபரர்? அதனால் கூகுளில் ஒரு படி ஏறவும் முடியாது, இறங்குவதைத் தடுக்கவும் முடியாது. சத்து, சாறு எதையும் அது அடைக்காது. அதன் வேலையே ஒன்றுதான்: போகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் போகிற இடத்தில் சொல்லாமல் வாயைப் பொத்துவது. நான் அனுப்பிய அத்தனை பேரும் வாய் பொத்தப்பட்டு அந்த டைரக்ட் மூட்டைக்குள் போய் விழுந்திருந்தார்கள்.

சாக்கோ மெதுவாகக் கேட்டார். "மோனே, அப்போ கூகுள்கிட்ட என்னைச் சிபாரிசு செய்யலைன்னு எழுதி. எங்கிட்ட, யார் அனுப்பினதுன்னு சொல்லண்டான்னும் எழுதி. பின்னே கள்ளன் ஞானா?"

"சேட்டா, அந்த நோ ஃபாலோ வந்து முறைப்படி சரிதான்..." என்று ஆரம்பித்தேன். (உலகத்தில் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே பதில் அதுதான்.)

மாமா கையைப் பிசைந்தார். "சேட்டா, சின்னப் பய. தெரியாம எழுதிட்டான். அந்த வார்த்தைய எடுத்துட்டாப் பழைய கணக்கெல்லாம் வந்துரும்ல மாப்ள?"

"வராது மாமா. அன்னைக்குச் சொல்லாதது சொல்லாததுதான். இனிமே வர்றவுகளத்தான் காட்டும்."

"போன ஆளுகளாவது வாயால சொல்லியிருப்பாகள்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லக் கூடாது என்று அவர் வாயையும் நான்தான் அடைத்திருந்தேன்.

சாக்கோ சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "தங்கராசே, எழுத்துத் தப்பு ஆர்க்கும் வரும். ஆனா என் கெஸ்ட் முன்னால கள்ளன்னு விளிச்சு. அது எழுத்துத் தப்பு இல்லா," என்றார். அந்த சீசன் ஆப்காரனுக்குப் போனது. நியாயம்தான். அந்த நியாயத்தின் மேலும் எனக்குக் கோபம்தான்.

இறங்கி வரும்போது, கம்பம் வருவதற்குள், பாண்டி தாங்கமாட்டாமல், "அண்ணே, அந்த டைரக்ட்டுன்னா யாருன்னு இப்ப வெளங்கிருச்சு. நம்ம ஆளுகதான்," என்றான். மாமா அவனை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு ஓங்கிய கையை என் பக்கம் திருப்பி, என் தலையில் வைத்தார். அடித்திருந்தால் அதுவும் தேவலை.

அன்று இரவே அந்த வார்த்தையைத் தளம் முழுவதும் தேடித் தேடிப் பிடுங்கினேன். தேடல் வரிசையில் ஏதாவது மாறியதா? ஒன்றும் இல்லை. போட்டபோதும் அதே இடம், எடுத்தபோதும் அதே இடம். வீடியோக்காரனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். "உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி நண்பா" என்று ஒரு தானியங்கி பதில் வந்தது.

மாமா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மொத்தத்தையும் சேர்த்து வைத்து, தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் காட்டினார். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போனது என்பதில்தான் பாதிச் சொந்தங்கள் அறுபடும். அதனால் அவர் ஒரு பெயரையும் விடவில்லை. பாண்டி பெயர்கூட இருந்தது. சாக்கோவின் பெயர், 'குடும்ப நண்பர்' என்ற அடைமொழியோடு (அவர் வந்தார், என்னைத் தவிர எல்லாரிடமும் பேசினார்). என் பெயர் வரவேண்டிய இடத்தில், அதே எழுத்தளவில், இப்படி அச்சடித்திருந்தார்: 'பேர் சொல்லாத மருமகன், ஓடைப்பட்டி.'

அம்மா பத்திரிகையை என்னிடம் நீட்டி, "என்னடா எழுதியிருக்கு, படி" என்றாள். படித்தேன். 'அப்டின்னா' போட வேண்டியிருக்கவில்லை, தமிழில்தான் இருந்தது. "பேர் சொல்லும் பிள்ளைன்னு ஒன்னையப் பெத்தேன்டா," என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "நான் அன்னைக்கே மருந்தடிக்கப் போயிட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

பச்சை ஜீப் சவாரி இல்லாமல் வாசலில் நின்று நின்று, கடைசியில் கிடைத்த விலைக்குப் போனது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் விழுந்த பள்ளம், டயர், பெயின்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் நட்டம். ஒருநாள் மாமா அந்த வார்த்தையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன்: noreferrer. படிக்கத் தெரியாதவர், ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து எண்ணினார். பத்து.

அந்தக் காகிதம் இன்றைக்கும் அவர் ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அது என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். நான் கூட இருக்கிற அன்றைக்குத்தான் அவருக்கு உற்சாகம் பொங்கும். முழுக்கதையையும் ஊசி வளைவுக்கு ஒரு பகுதியாகச் சொல்லி முடித்து, இறக்கிவிடும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "கம்பம் தங்கராசு அனுப்புனாகன்னு சொல்லுங்க" என்பார். பிறகு பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் என்னைக் காட்டுவார்.

"எங்க குடும்பத்துலயே மொதமொத எழுத்துப் படிச்சவன் இவன்தாங்க. ஒரு எழுத்து பன்னெண்டாயிரம் ரூவா."